எனக்கும் மகளுக்கும் மட்டும் விளங்கியது

ஒரு பெண்பிள்ளையின் விளையாட்டை நான் ஒரு பொய்யால் நிறுத்தினேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் உள்ள ஒரு பனித்தரை அரங்கில் அது நடந்தது. போன மாரிகாலத்தில்தான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் நான் கணித ஆசிரியர். அகதியாக வந்து, இங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிந்திப் பிறந்த ஒரே மகள், பள்ளித் தோழியின் பின்னால் போய் ஐஸ் ஹொக்கி பழகினாள். தோழி சுவிஸ் பிள்ளை. தனக்குச் சிறுத்துப்போன சறுக்குச் சப்பாத்தை மகளுக்குக் கொடுத்துத் தொடக்கிவைத்தவளே அவள்தான்.

இந்த விளையாட்டில் யாரும் ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. பயிற்றுநர் "வெக்செல்", அதாவது ஆள் மாறு, என்று கூவியதும் களைத்தவர் ஓரத்து நீள இருக்கையான வாங்குக்கு வருவார், வாங்கில் இருப்பவர் தடுப்புப் பலகையைத் தாண்டி உள்ளே குதிப்பார். எனக்கு அது அவமானமாகப் பட்டது. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையைப் பாதிப் பரீட்சையில் எழுப்பிவிட்டு அடுத்த பிள்ளையை எழுதச் சொல்வார்களா? ஒருமுறை ஆட்டம் பார்த்த ஊர்க்காரர் ஒருவர், தமிழ்க் கடையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"என்ன மாஸ்டர், மகள் விளையாடுறதிலும் பார்க்க வாங்கில இருக்கிறதுதான் கூடப்போல கிடக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அது உள்ளே கிடந்து புளித்தது.

நான் பொய் சொன்ன அன்று தேசிய இளையோர் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். மகளும் தோழியும் ஒரே இடத்துக்கு மாறி மாறி இறங்குபவர்கள். ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரம், பயிற்றுநர் கூவினார். மகள் வாங்கை நோக்கிச் சறுக்கி வந்தாள், தோழி குதித்தாள். அந்தக் கணத்தில் பந்துக்குப் பதிலாக அடித்து விளையாடும் கறுப்புத் தட்டு மகளின் பக்கம் வழுக்கி வந்தது. வாங்குக்கு நேர் பின்னால் இருந்த நான் எழும்பித் தமிழில் கத்தினேன்: "வராதை பிள்ளை, திரும்பு, அடி!"

அவள் திரும்பினாள். தட்டு அவள் மட்டையில் பட்டது. எங்கள் பக்கம் ஓர் ஆள் கூடிவிட்டது என்று மத்தியஸ்தர் விசில் ஊதினார். தண்டனையாக ஓர் ஆளைக் குறைத்து விளையாடிய நேரத்தில் எதிரணி கோல் போட, தோற்றுப்போனோம்.

பயிற்றுநர் என் சத்தத்தைக் கேட்டிருந்தார். உடை மாற்றும் அறை வாசலில், மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். கெதியாக, தாமதிக்காமல், வெளியே வரச் சொன்னேன் என்றேன். அப்படியானால் தட்டு தற்செயலாகத்தான் மகளில் பட்டது, தோழிதான் முந்திக் குதித்தவள் என்று முடிவாயிற்று. அவள் அழுதழுது மறுத்தாள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்ற மகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தாள். நான் தமிழில் கத்தியவை அங்கே எனக்கும் அவளுக்கும் மட்டும் விளங்கிய சொற்கள்.

இளையோர் அணிக்கு மகளை எடுத்தார்கள். அடுத்த பருவத்தில் தோழி பயிற்சிக்கு வருவதை விட்டுவிட்டாள். மகள் பிறகு சுவீடனில் சம்பளத்துக்கு விளையாடப் போனாள். நான் ஆட்டம் பார்க்க வரவா என்று கேட்டால், "குளிருக்குள்ள நீங்கள் ஏன் அப்பா" என்று தட்டிவிடுவாள்.

போன மாரியில் ஒரு வானொலிப் பேட்டியில் அவளிடம் போட்டியைப் பற்றிக் கேட்டார்கள். வெல்வதில் பாதி, நேரத்துக்கு வெளியே வந்து மற்றவளுக்கு இடம் விடுவதுதான் என்றாள். தான் ஒருமுறை அப்படி வராததற்கு இன்னொருத்தி விலை கொடுத்தாள் என்றும் சொன்னாள்.

"ஆரைச் சொல்லுறாள் இவள்?" என்று மனைவி கேட்டா. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

பழைய பயிற்றுநரைத் தேடித் தொலைபேசியில் ஒப்புக்கொண்டேன். அவருக்கு அந்த ஆட்டமே நினைவில்லை. தோழி துன் நகரில் ஓர் ஏரிக்கரை ஹோட்டலின் வரவேற்பில் வேலை செய்கிறாள். அங்கே போய் அவளைக் கண்டேன். அவளுக்கு ஒவ்வொரு கணமும் நினைவிருந்தது.

நான் சொல்லி முடித்ததும், "அப்படியென்றால் அன்று என் கால் முந்தவில்லை" என்றாள். இன்றும் தெருவைக் கடக்கும்போது மற்றவர்கள் இறங்கிய பிறகுதான் தான் இறங்குவதாகச் சொன்னாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். விருந்தினர் காத்திருக்கிறார்கள் என்று எழுந்து போனாள். திரும்பி வரவில்லை.

ரயிலில் இருந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்து, தோழியிடம் போய்வருவதாகச் சொன்னேன்.

"சொல்லிட்டீங்களோ அப்பா?"

"ஓம்."

அவள் சொன்னாள்: "அப்ப இனி நானும் அவளிட்டப் போகவேணும். வாயைத் திறக்காமல் நின்றது நானும்தானே."

என் பொய்யை நான் மட்டும் சுமந்ததாக அதுவரை நினைத்திருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளையின் தலையிலும் அதை ஏற்றியிருந்தேன்.

மகள் சுவீடனிலிருந்து வந்து துன்னுக்குத் தனியாகப் போனாள். என்ன கதைத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அண்மையில் அவள் நாட்டு அணிக்காக சூரிச்சில் விளையாடினாள். எனக்கொன்று, தோழிக்கொன்று என இரண்டு நுழைவுச்சீட்டுகள் அனுப்பியிருந்தாள். இரண்டும் வாங்குக்கு நேர் பின்னால்.

மகள் களைத்து வாங்குக்கு வந்த ஒவ்வொரு முறையும் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தேன். தோழிக்கான பக்கத்து இருக்கை கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது. அரங்கு நிறைந்து, மடியில் கிடந்த கோட்டு எனக்குப் பாரமாக இருந்தபோதும் அதை அந்த இருக்கையில் வைக்க மனம் வரவில்லை. ஒருமுறை அவளுடைய இடத்தைப் பறித்தவன் நான்; இந்த இருக்கை இனி அவள் வந்தாலும் வராவிட்டாலும் அவளுடையதுதான்.