அக்காவின் தலையில் நான் சேர்த்த நீலம்

அந்தச் சனி, ஞாயிறு நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது பிடிபடுகிறது.

1. சனிக்கிழமை மதியம், ஓசூரில் எங்கள் பக்கத்து போர்ஷனில் குடியிருக்கும் அக்கா, கடையில் வாங்கிய பிரவுன் டையைத் தானே தலையில் பூசிக்கொண்டார்.
2. அரிப்பெடுத்ததால் பாதி நேரத்திலேயே கழுவிவிட்டார்.
3. கருப்பு முடி கருப்பாகவே இருந்தது. நரைத்த முடி ஆரஞ்சு ஆனது.
4. என்னைக் கூப்பிட்டார். நான் சரிசெய்தேன்.
5. ஞாயிறு காலை, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வெயிலில், அவர் தலை பச்சையாக இருந்தது.
6. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆறாவதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்காவும் நானும் ஒரே கம்பெனி. பைக் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடம். அவர் கடைசிச் சோதனையில் நிற்பவர். கண்ணுக்குத் தெரியாத கீறலை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு நிறம் சரிபார்க்கும் அறையில் இருக்கிறேன். சிவப்பு தூக்கலாக இருந்தால் என்ன சேர்ப்பது, மஞ்சள் தூக்கலாக இருந்தால் என்ன சேர்ப்பது என்பதுதான் என் வேலை. அதனால்தான் அன்றைக்குப் பார்லருக்குப் போகாமல் என்னைக் கூப்பிட்டார். கதவைத் திறந்தவர் தலையில் துண்டோடு நின்றார். துண்டை எடுத்துவிட்டு, "பாரு புள்ள, ரெட் ஆக்சைடு அடிச்ச இரும்பு கேட்டு மாதிரி நிக்கறேன். மேல ஒரு கோட்டு அடிச்சு உடு," என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த நொடி கட்டிலில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் அவர் சாமல்பட்டிக்குப் போக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் கணவரைவிட்டு வெளியேறியபோது ஒன்பது வயது மகளை அங்கே விட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு கணவர் வீட்டார் பார்க்கவே விடவில்லை. இப்போது பெண் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அவளுடைய அத்தை வீட்டில் வைத்து, ஒரே ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நான் வரும்போது எனக்கு ஒத்த நரை கெடையாது. தெனமும் என் முடியப் புடிச்சிக்கிட்டுதான் தூங்குவா. இப்படிப் போய் நின்னா யாரோன்னுல்ல நினைப்பா," என்றார்.

எனக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. ஆரஞ்சை அடக்க நீலம். நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி, நீலச் சாயம் ஏற்றும் அவுரிப் பொடி வாங்கிவந்து, வெந்நீரில் குழைத்து, நேரம் பார்த்துப் பூசினேன். கழுவி முடித்ததும் சமையலறையின் மஞ்சள் பல்பின் கீழே நிற்க வைத்துப் பார்த்தேன். நல்ல பிரவுன். "ஓகே பண்ணிட்டியா?" என்றார் அக்கா, கம்பெனி லைனில் கேட்பதுபோல. "ஓகேக்கா," என்றேன்.

கம்பெனியில் எந்தப் பாகத்தையும் மூன்று வித விளக்கின் கீழே வைத்துப் பார்க்காமல் நான் ஓகே சொன்னதில்லை. மஞ்சள் விளக்கு பச்சையை விழுங்கிவிடும் என்பது சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித் தருவது. காதோரத்து முடி ஆரஞ்சு அல்ல, வெறும் மஞ்சள் என்பதையும் நான் கவனித்திருக்க வேண்டும். மஞ்சளில் நீலம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவர் அழுதுகொண்டிருந்தார், நான் அவசரப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது காரணமா சாக்கா என்று தெரியவில்லை.

துணைக்கு கிருஷ்ணகிரி வரைக்கும் கூடப் போனேன். விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டதால் வழியில் எதுவும் தெரியவில்லை. சாமல்பட்டி வழியாகப் போகும் ஊத்தங்கரை பஸ் பக்கம் நடக்கும்போதுதான் வெயில் அவர் தலையில் விழுந்தது. காதோரம் இரண்டு பக்கமும் பாசி பிடித்த தொட்டியின் நிறம். முக்காடு போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றிருக்கலாம். "எப்படிடி இருக்கேன்?" என்று படியில் நின்று கேட்டார். ஆறு வருடத்தில் ஒருமுறை கிடைத்த ஒரு மணி நேரம். "நல்லாருக்கீங்கக்கா," என்றேன். அவருக்காகப் பொய் சொன்னேனா, என் வேலை தோற்றதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் சொன்னேனா?

சாயங்காலம் திரும்பி வந்தவர் நேராக என் வாசலுக்கு வந்தார்.

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்கா."

"ம்." என் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "மொதல்ல பொண்ணு தலைய நிமித்திக்கூடப் பாக்கல. அப்புறம் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா புள்ள. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கிட்ட வந்து காதோரமா ஒரு முடியத் தொட்டு, 'என்ன இது, பச்சை'ன்னா. அவ்ளோதான் பேசினா. அப்புறம் செல்லை எடுத்துக்கிட்டா."

"எந்த மாதிரி சிரிப்புக்கா?"

"அதுதான் தெரியல. வர்ற வழியெல்லாம் அதத்தான் யோசிச்சிட்டு வந்தேன்."

பச்சையை எடுக்க வழி இருந்தது. லேசாகச் சிவப்பு சேர்த்தால் அடங்கிவிடும். இந்த முறை வெயிலில் வைத்தே பார்க்கிறேன் என்றேன். அக்கா தலையைக் கொடுக்கவில்லை. மறுநாள் அப்படியே வேலைக்கு வந்தார். லைனில் கிளி என்றார்கள், சிக்னல் விழுந்துவிட்டது என்றார்கள். அவர் பாட்டுக்குப் பாகங்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அந்தப் பெண் அக்காவுக்கு ஒருமுறை போன் செய்தாள். அந்த நிறம் எப்படி வந்தது, என்ன பொடி என்று மட்டும் கேட்டாள். தானும் பூசிக்கொள்ளவா, தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கவா என்று அக்கா கேட்கவில்லை. பொடியின் பெயரைச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது அக்காவின் தலையில் மூன்று விரற்கடை வெள்ளை வளர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே பச்சை இருக்கிறது. வெட்டிவிடட்டுமா என்று போன வாரம் கேட்டேன். மகள் தொட்ட காதோர முடியைத் தடவிக்கொண்டே வேண்டாம் என்றார். அந்தப் பெண் அந்த ஒரு போனுக்குப் பிறகு கூப்பிடவில்லை.