வாசலில் பதினொரு ஜோடி

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எதைப் பார்த்துப் பதில் சொல்வீர்கள்? குடும்ப அட்டையைப் பார்த்தா, சோறு போட்ட தட்டுகளைப் பார்த்தா? ஜொலினா ரிக்லோன் செருப்புகளைப் பார்க்கிறாள். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வாசற்படி ஏறியதும், தோள்பையைக்கூடக் கழற்றாமல் குனிந்து எண்ணுகிறாள். குதிகால் தேய்ந்த நீலச் செருப்பு அப்பாவுடையது. வார் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருப்பது பெலி பெரியம்மாவுடையது. இடம் வலம் மாறிக் கிடப்பது மூன்று வயதுக் கியானாவுடையது. யார் வந்தாயிற்று, யார் வரவில்லை என்பது கதவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

"உள்ள போய் ஒவ்வொருத்தர் பேரா கூப்பிடறதுக்கு இது சுலபம். செருப்பு பொய் சொல்லாது," என்பாள்.

அவளுக்குப் பதினேழு வயது. மார்ஷல் தீவுகளிலிருந்து வந்து, ஆர்க்கன்சா மாநிலத்தின் ஸ்பிரிங்டேலில் கோழி ஆலைகளை நம்பிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அப்பா, அம்மா இருவரும் ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கிறார்கள். ஜொலினா கொண்டையில் எப்போதும் ஒரு பேனாவைச் செருகியிருப்பாள். பச்சை நூடுல்ஸைப் பாக்கெட்டோடு நொறுக்கி, அதில் பழரசப் பொடியைத் தூவி, பாடம் படித்துக்கொண்டே கொறிப்பாள். வகுப்பில் கையைத் தூக்கமாட்டாள். ஆனால் அச்சிட்ட காகிதம் எதுவானாலும் விடமாட்டாள். கியானாவுக்காக நிரப்பிய பல் மருத்துவமனைப் படிவத்தில் 'தாய்' என்பதற்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. அவள் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டு அதிலும் ஒரு பெயர் எழுதினாள்.

'ஆமாம்' என்பதற்கு அவள் வாயைத் திறப்பதில்லை. தீவுக்காரர்கள் எல்லாரையும் போல இரண்டு புருவங்களையும் சட்டென்று உயர்த்தி இறக்குவாள், அவ்வளவுதான். இதைக் கவனிக்கத் தெரியாத ஆசிரியர்கள், 'கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை' என்று நாலு வருடமாக அவளுடைய மதிப்பெண் அட்டையில் எழுதி வருகிறார்கள். அதே அட்டையில் மதிப்பெண்கள் எல்லாம் முதல் வரிசையில்.

அந்த மதிப்பெண்களை வைத்துத்தான் அவள் செப்டம்பரில் ஒரு உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். கைப்பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை, லேசில் இடம் கிடைக்காத பெரிய கல்லூரிகளோடு பொருத்திவிடும் திட்டம் அது. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும்போது எந்தக் கல்லூரி முதலில் 'சரி' என்கிறதோ அங்கே போயாக வேண்டும். படிப்பு, அறை, சாப்பாடு நாலு வருடத்துக்கும் இலவசம். வேறெந்த வழியிலும் அவளால் அந்த வாசல்களை மிதிக்க முடியாது. முதல் சல்லடையில் தப்பியதும் எட்டுக் கல்லூரிகளை எழுதிக் கொடுத்தாள். முதலிடத்தில் இருந்தது வடக்கே, பனி முழங்கால்வரை விழும் ஊரில்.

"அங்க அரிசி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. புருவத்தை உயர்த்தினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் முதல் வாரத்தில் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. 'வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெற்றோரின் வருமான வரிக் காகிதத்தில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். வரும் புதன்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது.'

நடந்தது இதுதான். விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வந்தபோது அவள் எழுந்து வாசலுக்குப் போய் எண்ணிவிட்டு வந்து எழுதியிருந்தாள்.

பள்ளியில் கல்லூரி விண்ணப்பங்களைக் கவனிப்பவர் பர்செல். நானூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆள். கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இங்க பாரும்மா, அஞ்சுன்னு திருத்திட்டு வேலையை முடி. அவங்களுக்கு வேண்டியது வரிக் காகிதத்தோட ஒத்துப்போற ஒரு நம்பர்."

"அப்ப மீதி ஆறு பேரை நான் எங்க சார் நிறுத்தறது? கொல்லையிலயா?"

"நிஜமாவே பதினோரு பேர் அந்த வீட்ல இருக்கீங்களா?"

அவள் புருவத்தை உயர்த்தினாள். பர்செல் காத்திருந்தார்.

"ஆமாவா, இல்லையா?"

மறுபடியும் உயர்த்தினாள்.

"ஜொலினா, வாயைத் திறந்து சொல்லேன்."

"சார், நான் ரெண்டு தடவை ஆமான்னு சொல்லிட்டேன்."

அவளுடைய முன்னோர்களின் தீவுகளில் இந்த நாடு அறுபத்தேழு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. குண்டு போடும் முன்பு, எந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்குப் பிள்ளை என்று எந்த அதிகாரியும் இத்தனை கவலையோடு சரிபார்க்கவில்லை. இன்று ஒரு பெண் படிக்கப் போகிறேன் என்றதும் கணக்கு ஒத்துப்போக வேண்டுமாம். பர்செல் நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் நல்ல மனிதர்களும் பொருந்தாத கட்டத்தைக் கண்டால், கட்டத்தை விட்டுவிட்டு மனிதர்களைத்தான் வெட்டச் சொல்கிறார்கள்.

வீட்டில் வேறு விதமான கலவரம். லாபி சித்தப்பா திருச்சபையில் மூப்பர். "சபை முழுக்க உனக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கும்," என்றார்.

"ஜெபிங்க சித்தப்பா. ஆனா கடைசி நாள் புதன்கிழமை."

பெலி பெரியம்மாவுக்கு வேறு பயம். "பதினொண்ணுன்னா எழுதி வச்ச? வீட்டுக்காரன் காதுல விழுந்தா நாம நடுத்தெருவுலதான். அவன் ஆறு பேருக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்கான்டி!"

"அவங்க அவர்கிட்ட சொல்ல மாட்டாங்க பெரியம்மா. போன் போட்டுக் கேட்டுட்டேன். எழுத்துல அனுப்புங்கன்னு சொல்லி, அதையும் வாங்கிட்டேன்."

"இதுக்கெல்லாம் உனக்கு வாய் வருது. பள்ளிக்கூடத்துல மட்டும் ஊமை."

"அங்க எல்லாரும் கேள்வியைத் தப்பா கேக்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை பகலில், எல்லாரும் ஆராதனைக்குப் போன பிறகு, வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு இருந்தபோது, அவள் உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை.

'பதினொன்று என்பது வாசற்படிக் கணக்கு. ஐந்து என்பது வரிக் கணக்கு. உங்கள் கேள்வி எதைக் கேட்கிறது என்று தெரியாததால் எல்லாரையும் எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள். இந்த ஐவர் உங்கள் காகிதத்தில் இருக்கிறோம். அடுத்து கியானா. அவளைப் பெற்றவர் ஓக்லஹோமாவில் இருக்கும் என் அம்மாவின் தங்கை. பிறந்த மாதத்திலேயே அவளை என் அம்மாவுக்குக் கொடுத்தார். எங்களில் அதற்குக் காகிதம் எழுதுவதில்லை. சந்தேகம் இருந்தால், உன் அம்மா யார் என்று அவளையே கேட்கலாம். பெலி பெரியம்மாவுக்கு முழங்கால் வீங்கி ஆலை வேலை போய்விட்டது. அவரும் அவருடைய இரண்டு பெண்களும் எங்கள் பானையில்தான் சாப்பிடுகிறார்கள். சித்தப்பாவும் சித்தியும் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். என் பெற்றோர் சோறு போடுவது ஒன்பது பேருக்கு. கேள்வி அதுவாக இருந்தால் பதில் ஒன்பது. நான் பொய் எழுதவில்லை. நீங்கள் கேட்டதை எங்கள் வழக்கப்படி எண்ணினேன்.'

திங்கட்கிழமை பர்செல் அதை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். "ஒரு எழுத்தையும் மாத்தாதே," என்று சொல்லிவிட்டு, தன் கையெழுத்தில் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'இந்த மாணவியை நாலு வருடமாக அறிவேன். அவளுக்கு எண்ணத் தெரியும்.'

புதன்கிழமை மதியம் பதில் வந்தது. 'எங்கள் கேள்வி உங்கள் பெற்றோர் ஆதரிக்கும் நபர்களைப் பற்றியது. ஒன்பது என்று பதிந்துகொண்டோம். நன்றி.' பள்ளி உணவுக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு, ஐந்து நாளாகத் தொடாமலிருந்த நூடுல்ஸ் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து ஓங்கிக் குத்தினாள். பாக்கெட் வெடித்துப் பக்கத்து மேசை வரை சிதறியது. பொறுக்கிக்கொண்டே சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் இடம் கிடைத்தாக வேண்டுமே. டிசம்பர் முதல் தேதி மாலை மூன்று மணிக்கு முடிவு. பர்செல் தன் அறையில் கணினியைத் திறந்து வைத்து, "இங்கயே பார்க்கலாம் வா," என்றார். அவள் கேட்கவில்லை. பேருந்தை விட்டுவிட்டு, கோழி ஆலையின் வாசலுக்கு நடந்தாள். அம்மா நெய்மோனுக்கு வேலை மூன்றரைக்கு முடியும். கம்பி வேலிக்கு வெளியே நின்று, கைபேசியைத் திறந்து படித்தாள். ஒரு முறை படித்தவள், மேலேயிருந்து மறுபடியும் படித்தாள். பிறகு கொண்டையிலிருந்த பேனாவை எடுத்து, காரணமில்லாமல், திரும்பவும் செருகிக்கொண்டாள்.

மணி அடித்ததும் ரப்பர் பூட்ஸும் தலைமுடியை மூடிய வலையுமாகக் கூட்டம் வெளியே வந்தது. இயந்திர இரைச்சலுக்காக வைத்திருந்த காதடைப்பான்களை நெய்மோன் இன்னும் எடுக்கவில்லை. மகளை அங்கே பார்த்ததும் நின்றுவிட்டார். கத்தினாலும் கேட்காது. முகவாயை மட்டும் ஒரு முறை தூக்கினார்: என்ன ஆச்சு?

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஜொலினா இரண்டு புருவங்களையும் உயர்த்தினாள்.

நெய்மோன் ஓடிவரவில்லை. மெதுவாக நடந்து வந்து, காதடைப்பான்களைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். கைகள் ஆலைக் குளிரில் விறைத்திருந்தன. மகளின் கன்னத்தில் வைத்து அதே குளிரை அவளுக்கும் கொடுத்தார்.

"எது? அந்தப் பனி ஊரா?"

புருவம் உயர்ந்தது.

"அப்ப உன் செருப்பை இங்கயே விட்டுட்டுப் போ. பனியில அதை மாட்டிட்டு என்ன செய்வ? அது பாட்டுக்கு வாசல்ல கிடக்கட்டும்."

இந்த முறை புருவம் உயர்வதற்குச் சற்று நேரமாயிற்று. ஆனால் உயர்ந்தது.

நீங்கள் படிவம் தயாரிக்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரானால், எண்ணிக்கை கேட்கும் கட்டத்துக்குக் கீழே நாலு வரி வெறுமையாக விட்டுவையுங்கள்.