ஏமன் மலையும் என் நிபுணத்துவமும்

ஐம்பத்து மூன்று வயதில், ஏமன் நாட்டு விவகாரம் தெரிந்தவன் திருப்பூரில் நான் ஒருவன்தான் என்று முழுதாக ஆறு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நாட்டு ஆள் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. கடலில் போனதும் கிடையாது. ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்து, பாதி வழியில் கரைக்கே திருப்பச் சொன்னவன் நான்.

ஆரம்பம் உத்தியோகம்தான். ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. ஏமனில் உள்ள ஷியா இயக்கம் ஒன்று செங்கடலில் கப்பல்களைச் சுடத் தொடங்கியதும், நாங்கள் தைத்த குழந்தைச் சட்டைகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டியதாயிற்று. ஏன் தாமதம் என்று முதலாளி கேட்டார். 'வழியில் சண்டை' என்று முடித்திருக்கலாம். நான் புத்தகம் வாங்கினேன்.

படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டீ நேரத்தில் கட்டிங் மேஜைக் காகிதத்தில் ஏமனை வரைந்து விளக்கினேன். கட்டிங் மாஸ்டர் அதை அரைக்கைச் சட்டைக்கான அளவு என்று நினைத்து வெட்டப் போனார். முதலாளி மட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"வடக்கு மலையில ஜைதின்னு ஒரு ஷியா பிரிவுங்க. அவங்க இமாம்கள் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் விட்டுவிட்டு ஆண்டிருக்காங்க. அறுபதுகள்ல ஆட்சி போயிருச்சு. அப்புறம் யாரும் அவங்களைக் கண்டுக்கலை. தொண்ணூறுகள்ல பசங்களுக்கு லீவு வகுப்பு நடத்தி மறுபடி தலையெடுத்தாங்க."

"லீவு வகுப்புலீங்களா?"

"ஆமாங்க. அப்புறம் அரசாங்கத்தோட ஆறு தடவை சண்டை. ஒவ்வொரு தடவையும் அரசாங்கம் ஒடுக்கியாச்சுன்னு சொல்லும். ஒவ்வொரு தடவையும் இவங்க இன்னும் பெருத்துப்போவாங்க. கடைசியில தலைநகரத்தையே பிடிச்சுட்டாங்க."

முதலாளி யோசித்தார். "நம்ம பக்கம் பங்காளிச் சண்டைன்னா வரப்பத்தான் வெட்டுவாங்க. இவுங்க எதுக்குங்க ஊருக்கெல்லாம் பொதுவான தடத்த மறிக்கறாங்க?"

ஆறு வாரப் படிப்பில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. காஸா போர், பாலஸ்தீன ஆதரவு, சொந்த ஊரில் செல்வாக்கு என்று சுற்றி வளைத்து ஒரு பதில் சொன்னேன். அவர் பாதியிலேயே போன் வந்ததாகச் சொல்லி எழுந்து போனார். மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தப் புகழ் செக்கிங் பகுதி சூப்பர்வைசர் அம்மா வரை போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தைத்து வந்த சட்டையை இரண்டு புரட்டு புரட்டிக் குற்றம் கண்டுபிடிப்பவர். ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனோடு வந்து நின்றார்.

"சார், எந்தம்பி சரக்குக் கப்பல்ல சமையக்காரன். இப்ப கொழும்புல நிக்கான். கப்பல் அந்தச் செங்கடல் வழியாத்தான் போகுமாம். பயமிருக்கவன் இறங்கிக்கலாம், வியாழக்கெழமைக்குள்ள சொல்லணும்னு கம்பெனில சொல்லிட்டாவ. இறங்குனா அடுத்த கப்பல் எப்பக் கெடைக்குமோ தெரியாது. போனா உயிருக்கு என்ன உறுதின்னு அம்மா அழுதுகிட்டே இருக்கு. நீங்க அந்தச் சுடுறவங்களப் பத்தி அம்புட்டும் படிச்சிருக்கீங்களாம்லா. அவன் போகட்டுமா, இறங்கட்டுமா?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் படிப்பை ஒருவர் தேவைக்காகக் கேட்டிருக்கிறார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடியோவில் வந்த தம்பியை மடித்த சட்டைகள்மேல் சாய்த்து வைத்து, ஆயிரம் வருடத்துக்கு முன்னாலிருந்து தொடங்கினேன். ஐந்தாவது போரில் இருந்தபோது அந்த அம்மா, "சார், அவன் லைன் கட்டாயி ரொம்ப நேரமாச்சு" என்றார். "முடிவ மட்டும் சொல்லுங்க, நாஞ் சொல்லிருதேன்."

"அவங்க இஸ்ரேலோட சம்பந்தமுள்ள கப்பலைத்தான் சுடுவோம்னு அறிவிச்சிருக்காங்க. தம்பி கப்பலுக்கு அந்தச் சம்பந்தம் இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லங்கான்."

"அப்ப தாராளமா போகலாம்."

வெள்ளிக்கிழமை காலை செய்தித்தாளில், எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கப்பல்மீது ஏவுகணை விழுந்த செய்தி இருந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். முகம் தெரிந்த ஒரு சமையல்காரனை, அதுவும் பாதி வரலாறுகூடக் கேட்காதவனை, நான் அந்தக் கடலுக்குள் அனுப்பிவிட்டேன். ஸ்கூட்டரில் ஊத்துக்குளி சாலை முழுக்க, அவன் அம்மாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். நேரே செக்கிங் மேஜைக்குப் போய், "நான் சொன்னது தப்பும்மா. எப்படியாவது தம்பியைத் தடுக்க முடியுமா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை, கையிலிருந்த சட்டையின் தோள் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் நேத்தே இறங்கிட்டான் சார். இன்னிக்கு ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துருவான்."

நிம்மதி வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, லேசாக வருத்தமும் வந்தது. "நான் போகலாம்னுதானே சொன்னேன்?"

"ஆமா சார், சொன்னீங்க. ஆனா ஒரு பீஸ பாஸ் பண்ணச் சொல்லி யாராவது அம்புட்டு நேரம் பேசுனா, நாங்க அத மறுபடி பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டோம். ரிஜெக்ட்ல போட்டுட்டு அடுத்தத எடுத்துருவோம்."