கியரில் இருந்த கை

சாய்ந்தமருதில் கச்சிமுகம்மது என்று யாரையாவது விசாரித்தால், எந்தக் கச்சிமுகம்மது என்று திருப்பிக் கேட்பார்கள். தேங்காய்க் கச்சிமுகம்மது என்றால் உடனே வீட்டைக் காட்டிவிடுவார்கள். தென்னந்தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து, காய் பறித்து, கல்முனைச் சந்தைக்கு ஏற்றி அனுப்பிப் பிழைத்தவன் அவன். எழுபத்தெட்டில் அடித்த சூறாவளி அந்தத் தோட்டங்களை ஒரே மூச்சில் வழித்துத் துடைத்துவிட்டுப் போனது. பட்டப்பெயரை மட்டும் விட்டுவைத்தது.

அதற்குப் பிறகு அவன் பார்க்காத கூலி வேலை இல்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான், கரைவலை இழுத்தான், யாருக்கோ மதில் கட்டக் கல் சுமந்தான். எதுவும் நிலைக்கவில்லை. இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீடு பெண்ணுடையது. கை நிறைய உழைக்கிறவனுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. உழைப்பில்லாமல் அந்த வீட்டுச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அவன் மனைவி ஸுல்பிகா ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்றுதான் கேட்பாள். அதற்கே அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவான்.

அப்போதுதான் லொறி ஓட்டப் பழகினால் என்ன என்ற யோசனை வந்தது. அறுவடைக் காலத்தில் அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையில் நெல் லொறிகள் ஓய்ச்சலில்லாமல் ஓடும். றைவர் என்றால் சாப்பாட்டுக் கடையில் தனி மரியாதை. கல்முனையில் மர்சூக் என்பவன் ஒரு 'லேனர்ஸ்' வைத்திருந்தான். வாகனம் ஓட்டப் பழக்கும் பள்ளிக்கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். பள்ளிக்கூடம் என்றதும் கட்டடம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கிழட்டு லொறி, நாலு தார்ப் பீப்பாய், கடற்கரையோரம் ஒரு வெட்டைவெளி, அவ்வளவுதான். பழக வந்தவர்களெல்லாம் பின்பெட்டியில் நின்றுகொண்டு போவார்கள். முறை வந்தவன் இறங்கி முன்னால் போய் ஏறிக்கொள்வான்.

அந்த லொறிக்கு ஒரு வியாதி இருந்தது. மூன்றாம் கியரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தால், கியர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். திருத்தலாம். மர்சூக் திருத்துகிற ஆளா? "இடக்கையால அமத்திப் புடி. உட்டா துள்ளும்" என்று சொல்லிக் கொடுத்தான். கச்சிமுகம்மது அமத்திப் பிடித்தான். பிடித்துப் பிடித்து, கியர் இருக்கும் இடத்தில்தான் இடக்கை இருக்கவேண்டும் என்று உடம்பே நம்பிவிட்டது. அம்பாறையில் நடந்த சோதனையில் பாஸாகி, பெரிய வாகனம் ஓட்டுகிற லைசனும் கைக்கு வந்தது.

லைசன் வந்தது, லொறி வரவில்லை. எந்த முதலாளியிடம் போனாலும் ஒரே கேள்விதான். "ஆருக்கிட்ட ஓடியிரிக்காய்?" யாரிடமும் ஓடவில்லை என்றால், "ரெண்டு வருஷம் எங்கயாச்சும் ஓடிட்டு வா." எங்கே ஓடுவது? ஓடக் கொடுத்தால்தானே ஓடலாம். தாய் வயிற்றிலிருந்தே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிறந்துவர வேண்டும் என்று இந்த முதலாளிமாருக்கு எண்ணம். உண்மையில் அவர்கள் எடுப்பது தங்கள் லொறியிலேயே கிளீனராக நின்று வளர்ந்தவனைத்தான். லேனர்ஸில் பழகியவன் அவர்களுக்கு ஓர் ஆளே இல்லை.

இதற்கிடையில் ஸுல்பிகாவுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. அந்த வருடங்களில்தான் எங்கள் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஏஜென்சி ஜவுபர் வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்தான். ஸுல்பிகாவுக்குக் குவைத்தில் ஒரு வீடு, இரண்டு வருட ஒப்பந்தம். மகள் இன்னும் பால் மறக்கவில்லை.

"வயல் வெட்டு முடியட்டும் புள்ள," என்று கச்சிமுகம்மது கெஞ்சினான். "அதுக்குள்ள ஒரு லொறி கிடைச்சா நீ போகத் தேவையில்ல."

"ஓம். கிடைச்சா நான் ஏன் போறன்? ஆசையிலயா போறன்?" என்றாள் அவள்.

வெட்டு பாதி முடிந்தபோது முகைதீன்பாவா ஹாஜியாரின் றைவர் வேலையை விட்டு நின்றுவிட்டான். ஆலையும் லொறிகளும் வைத்திருந்த பெரிய முதலாளி அவர். செய்தி கேட்டதும் கச்சிமுகம்மது ஓடினான். போகிற வழியில் ஒரு முடிவும் எடுத்துக்கொண்டான். உண்மை சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வாசலில் திரும்பியாகிவிட்டது.

"கொழும்புல ரெண்டு வருஷம் ஓடின நான், ஹாஜியார்," என்றான்.

ஹாஜியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நெல் மூட்டை ஏற்றி நின்ற லொறியைக் காட்டி, "எடு பாப்பம்" என்று தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

எடுத்தான். எவ்வளவு அழகாக எடுத்தான் தெரியுமா? மாட்டு வண்டிக்கு ஒதுங்கிக் கொடுத்தான், சந்தியில் பார்த்துத் திருப்பினான், பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி ஓர் அங்குலம்கூடப் பின்னுக்குப் போகாமல் மறுபடி எடுத்தான். யா அல்லாஹ், இந்த நல்ல செய்தியை ஸுல்பிகாவிடம் எப்படிச் சொல்லித் தொடங்குவேன் என்றுகூட நினைத்துவிட்டான். நிந்தவூர் தாண்டியதும் ஹாஜியார் வாயைத் திறந்தார்.

"கைய எடு."

"எந்தக் கை, ஹாஜியார்?"

"கியர்ல இரிக்கிற கை. மர்சூக்குட லேனர்ஸ்ல படிச்ச கை."

கச்சிமுகம்மது குனிந்து பார்த்தான். கை அங்கேதான் இருந்தது. ஏறிய நேரத்திலிருந்து அது அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"மர்சூக்குட பொடியன்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இரிக்கி," என்றார் ஹாஜியார். "ஒரு லொறியில ரெண்டு மாசம் ஓடினா விட்டிரும். நீ கொழும்புல ரெண்டு வருஷம் ஓடினவனா?"

"பொய்தான் ஹாஜியார். மாப்புத் தாங்க. கிளீனராயாவது வெச்சிக்கொள்ளுங்க. லொறிய ஒட்டி நிண்டாப் போதும் எனக்கு."

"உண்மையச் சொல்லி வந்திருந்தா அதைத் தந்திருப்பன். பொய் சொல்றவன் பின்னுக்கு நிண்டு 'றைட்' எண்டு சொன்னா, நான் எதை நம்பி லொறிய எடுக்கிற?"

பாழாய்ப்போன நியாயம். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதனால்தான் அது அவ்வளவு சுட்டது. அங்கேயே இறங்கி, வேகாத வெயிலில் சாய்ந்தமருதுவரைக்கும் நடந்தே வந்தான்.

அதே வாரத்தில் ஸுல்பிகா மார்பில் வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசிக்கொண்டாள். பிள்ளை வாயை வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்து, வீரிட்டு அழுதது. கச்சிமுகம்மதுவால் அதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. எழுந்து நேரே ஜவுபரிடம் போனான்.

"அவட பேரை வெட்டி விடு, தம்பி. ஒன்ட கால்ல விழுறன்."

"டிக்கட்டே வந்திட்டு காக்கா. நாளைக்கு விடியச் சுபஹு தொழுதிட்டு வெளிக்கிடணும். இப்ப வந்து வெட்டச் சொல்றீங்க." ஜவுபர் தலையைச் சொறிந்தான். அவனுக்கு வேறு கவலை. "என்ட வேன் றைவர நானே சவூதிக்கு அனுப்பிப் போட்டன். என்ட மடத்தனம். இப்ப இந்தப் பொம்புளையளக் கொழும்புக்கு ஏத்திப் போக ஆளில்ல. ஒங்களுக்கிட்ட லைசன் இரிக்கி என்ன? ஓட்டுவீங்களா?"

யாரிடம் ஓடினாய் என்று கேட்காத முதல் மனிதன். கச்சிமுகம்மது அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஓட்டுவன் தம்பி. நிரந்தரமாவே ஓட்டுவன். அப்ப அவ நிக்கட்டும்."

"நல்ல கதை. அவ நிண்டா டிக்கட்டும் போச்சு, கொழும்புல என்ட பேரும் போச்சு. பிறகு ஒங்களை எனக்கெதுக்கு? அவ ஏறினா நீங்க ஓட்டுங்க, காக்கா. அவ நிண்டா நான் வேற ஆள் பாக்கன்."

இதை வீட்டில் சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான். முகத்தைப் பார்த்ததுமே ஸுல்பிகா கேட்டுவிட்டாள், அவனும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். அவள் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"முதலாளிமார் எவ்வளவு காலம் ஓடணும் எண்டு கேக்கிற?"

"ரெண்டு வருஷம்."

"எனக்கும் ரெண்டு வருஷம்தானே. நான் வரக்குள்ள நீங்க ஓடின றைவராயிருப்பீங்க. அதுக்குப் பிறகு நான் ஏன் போறன்?" என்றாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "அழாதீங்க, புள்ள எழும்பிரும்" என்று தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

விடிந்ததும் அவளுடைய அக்கா, றாஹிலா ராத்தா வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். கச்சிமுகம்மது பிஸ்மில்லாஹ் சொல்லி வேனை எடுத்தான். பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு நேர்பின்னால் ஸுல்பிகா. முன்னால் ஜவுபர் கல்முனை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான்.

அது நல்ல வேன். கியர் போட்ட இடத்தில் நின்றது.

"கைய எடுங்க," என்று ஸுல்பிகா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "இது துள்ளாது."

எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தான். கண்ணாடியில் அவள் தெரிந்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி மார்போடு வைத்து, இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாள். துணியையும் தாண்டிப் பால் நனைந்துகொண்டு வந்தது.

அவன் கையை மறுபடியும் கியரில் வைத்துக்கொண்டான். கொழும்பு வரைக்கும் அது அங்கேயே இருந்தது, அவளும் பிறகு எடுக்கச் சொல்லவில்லை.