தூளுப்பு இரண்டு சுண்டு

அன்று நோன்புக் கஞ்சியைக் கெடுத்தது மாமி இல்லை. என் சாச்சாதான்.

அப்போது நான் சின்னப் பிள்ளை. கடுகண்ணாவையில் வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் மூத்த சகோதரி மாமி. கணவர் மௌத்தான பிறகு சாச்சாவின் வீட்டுப் பின்னறையில் இருந்தார். நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். அந்த மாதம்தான் ஊர் அவரைத் தேடி வரும். மற்ற மாதங்களில் அவர் சாச்சா வீட்டில் சட்டி கழுவுகிற ஆள்.

கஞ்சியை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது என்பார்கள். மாமி அதற்கும் சம்மதிக்க மாட்டார். அதனால் உப்பை நிறுத்துத்தான் போடுவார். அந்தப் பெரிய சட்டிக்கு ஒரு ராத்தல்.

அன்று கடையில் கல்லுப்பு தீர்ந்துவிட்டது. கண்டியிலிருந்து வந்த தூளுப்பை சாச்சா கொண்டுவந்தார். கையில் தராசு இல்லை, அரிசி அளக்கிற சுண்டு.

“நிறுக்க இல்லயா தம்பி?” என்றார் மாமி.

“கடையில ஆக்கள் நிக்கிறாங்க ராத்தா. ஒரு ராத்தல் உப்பு ரெண்டு சுண்டு. யாவாரம் செய்ற எனக்குத் தெரியாதா?”

“அது கல்லுப்புக்கு.”

“எந்த உப்பும் உப்புதானே! ஒங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

சிரித்துக்கொண்டே இரண்டு சுண்டையும் தலைதட்டி அவரே சட்டியில் கொட்டினார். கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். தூள் இறுகி நிற்கும். அதே இரண்டு சுண்டு ஒன்றரை ராத்தல் வரும். பின்னாளில் நானே நிறுத்துப் பார்த்தேன்.

நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது பிள்ளைகளோடு நானும் பள்ளி வாசலில் நின்றேன். முதல் மிடறிலேயே கோப்பைகள் கீழே இறங்கின.

“என்ன இது, கடலையே காய்ச்சி அனுப்பியீக்கி?” என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். சாச்சா தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிந்து பள்ளிவாசல் தலைவர் சாச்சா வீட்டுக்கே வந்துவிட்டார். “ராத்தாவுக்கு வயசாயிட்டு. மறந்துபோய் ரெண்டு தரம் உப்புப் போட்டீக்கிறா. நாளைக்கு வேற ஆளப் பார்ப்பம்.”

“அதுதான் சரி,” என்றார் பக்கத்தில் நின்ற சாச்சா.

கதவுக்குப் பின்னால் மாமியின் சேலையை இழுத்தேன். “சொல்லுங்க மாமி, சாச்சாதானே போட்ட!” மாமி என் வாயைப் பொத்தினார்.

எனக்கு மாமி மேல்தான் கோபம் வந்தது. நான் பார்க்காதபோது மாமியும் உப்புப் போட்டிருப்பார், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று நினைத்தேன். தம்பியைக் காட்டிக்கொடுத்தால் அன்றிரவு எங்கே போய்ப் படுப்பது என்று ஒரு பெண் யோசிக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நோன்பிலும் வேறு ஆள்தான் காய்ச்சினார். மாமி கெட்ட பெயரோடே மௌத்தானார். சாச்சா இப்போது பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரிய ஆள்.

சாச்சா, இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜனம் கலைவதற்கு முன் எழுந்து நில்லுங்கள். அந்த உப்பைக் கொட்டியது யார்? ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.