கஷாயம் குடித்தவர்களும் குடித்ததாகச் சொன்னவர்களும்

ஆயுர்வேத மருத்துவரிடம் யாரும் முதலில் வருவதில்லை. ஆஸ்பத்திரி, ஸ்பெஷலிஸ்ட், ஒன்றுவிட்ட சித்தப்பா சொன்ன தைலம், யூடியூப் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பிரிக்ஃபீல்ட்ஸில் என் கிளினிக் மாடிப்படியை ஏறுவார்கள். பதினொரு வருஷத்து முட்டிவலியோடு வந்து உட்கார்ந்து, "அடுத்த சனிக்கிழமை தங்கச்சி கல்யாணம், அதுக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?" என்பார்கள். சர்க்கரை, மூட்டு, தோல், வயிறு என்று ஏதாவது ஒன்றோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தும் வாசகர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

சீனி இல்லாத தே

குணா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்தான், ஆனாலும் எண் இறங்கவில்லை. மருந்து எழுதுவதற்கு முன்னால் சாப்பாட்டை விசாரிப்பது எங்கள் வழக்கம். ஒரு ஷிப்டுக்கு ஏழு கிளாஸ் தே தாரேக், நுரைக்க ஆற்றிய டீ, குடிப்பதாகச் சொன்னார். "முதல்ல தேயில சீனிய நிறுத்துங்க. மத்ததப் பிறகு பார்ப்போம்" என்றேன்.

ஆறு வாரம் கழித்து வந்தார். எண் அப்படியே இருந்தது. மாத்திரையை விடவில்லை, பலகாரத்தைத் தொடவில்லை, தேயில் சீனி சத்தியமாகக் கிடையாது என்றார். கடையில் என்ன சொல்லி வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "சீனி வேணாம், டின் பால் மட்டும் கொஞ்சம் கூட ஊத்துங்கன்னு சொல்லுவேன்" என்றார். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான் என்று சொன்னேன். அவர் சொன்னார்: "அதான் இனிச்சுச்சா? சீனி இல்லாமலே நாக்கு பழகிருச்சுன்னு நான் நெனச்சேன் டாக்டர்."

பதினெட்டாவது மாடி

செந்தூலில் கொண்டோ வீடு, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, நான்கு வருஷ இடுப்புவலி. இதுதான் இந்திரா. தைலம் தேய்த்து அரை மணி நேரம் ஊறி, வெந்நீரில் குளிக்கச் சொல்லியிருந்தேன். மூன்றாவது வாரம் அவர்கள் மாடி வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்துவிட்டது: யாரோ எதையோ எரிக்கிறார்கள், ஒரே நாத்தம். எல்லாம் என் தைலத்தின் வாடைதான். காவலாளி கதவைத் தட்டிவிட்டுப் போனாராம். "நிறுத்திடவா டாக்டர்?" என்று போனில் கேட்டார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தேய்க்கச் சொன்னேன்.

அடுத்த முறை வரும்போது பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியையும் கூட்டிவந்தார். புகார் கொடுத்தவரே அவர்தான். தானாகவே சொன்னார், வெட்கமெல்லாம் படவில்லை. அவருக்கும் பல வருஷமாக முதுகுவலியாம். மலாயில் அவர் சொன்னதை இந்திரா எனக்குத் தமிழில் சொன்னார்: "நாத்தமே இவ்வளவு ஸ்ட்ரோங்கா இருந்தா மருந்தும் ஸ்ட்ரோங்காத்தான் இருக்கும் லா, எனக்கும் ஒரு போத்தல் குடுங்க."

யார் மேல் தப்பு

சனிக்கிழமைகளில் கிள்ளானில் நோயாளிகளைப் பார்ப்பேன். சரசு அக்கா அங்கே காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். இருபது வருஷச் சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. கால் மரத்துப்போகிறது என்று என்னிடம் வந்தார். நான் கொடுப்பது ஊசிக்குத் துணைதான், ஊசிக்குப் பதில் இல்லை என்று முதல் நாளே சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் "ஊசி போடுறீங்களா?" என்பேன். "போடுறேன் டாக்டர்" என்பார். இரண்டு மாதம் இப்படியே போனது.

மூன்றாவது மாதம் செருப்பைக் கழற்றச் சொன்னேன். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வாயால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என் தப்பு. விரலிடுக்கில் புண் கறுத்துப் போயிருந்தது. மரத்த கால், அதனால் வலியே தெரியவில்லை. ஊசியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னார். போட்டால் மயக்கம் வருகிறதாம், கடையில் நிற்க முடியவில்லையாம்.

காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரை என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. ஆனால் அது மறுநாள் தெரிந்த சங்கதி. அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், ஊசியை நிறுத்தச் சொன்னதே நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்காவின் கால் போய்விடுமோ என்ற பயம்தான் இருந்தது. தள்ளுவண்டியில் படுத்திருந்த அக்காதான் தலையைத் தூக்கி எனக்காகப் பேசினார்: "டாக்டரம்மாவ ஏசாதீங்க தம்பி. அவங்க குடுத்த மருந்தையும் நான் சாப்பிடல."

நன்றி உரை

காஜாங் மேரி ஆன்டி சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். மூட்டுவாதம் வந்து ஆறு வருஷமாக விரல்கள் மடங்கவில்லை, வாசிப்பும் நின்றுபோனது. ஸ்பெஷலிஸ்டின் மாத்திரையோடு என் கஷாயமும் சேர்வதால், அவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம் என்று அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி ஆன்டியிடம் கொடுத்தனுப்பினேன். கொடுத்துவிட்டேன் என்றார். ஒன்றரை வருஷத்தில் விரல்கள் மடங்கின. ஸ்பெஷலிஸ்ட் மாத்திரையா, என் கஷாயமா, இரண்டுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுபடி வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. பிறகு ஆன்டி மைக்கைப் பிடித்து, கர்த்தருக்கும் போதகருக்கும் ஸ்பெஷலிஸ்டுக்கும் மகளுக்கும், செப்பு வளையல் வாங்கித் தந்த நாத்தனாருக்கும் நன்றி சொன்னார். நான் காத்திருந்தேன். மைக்கை வைத்துவிட்டார். வெளியே என் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க பேரச் சொல்லணும்னுதான் இருந்தேன் டாக்டர், ஆனா ஸ்பெஷலிஸ்ட் மூணாவது வரிசையில உட்காந்திருந்தாரு, அந்த லெட்டர நான் இன்னும் அவருகிட்ட குடுக்கல."

இத்தனை வருஷத்தில் நாடி பிடித்து நான் கண்டுபிடித்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நோயாளிகள் எழுந்து, கதவில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம் ஒரு விஷயம் டாக்டர்" என்று சொன்னதுதான்.