ஜன்னலோரம் அம்மா

எண்ணூர் போகும் மாலைப் பேருந்தில் இன்று மீன்கூடை வாடை வந்ததும் அம்மாவை நினைத்துக்கொண்டேன். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு, சிறுமியான என்னையும் கூட்டிக்கொண்டு இதே வழியில்தான் வீடு திரும்புவாள். யாரும் முகம் சுளித்துவிடக் கூடாதென்று பின்பக்கம் தரையிலேயே உட்கார்ந்து வருவாள்.

ஒருநாள் ஒரு பயணி நாற்றம் என்று கத்தியதும், கண்டக்டர் அம்மாவை இறங்கச் சொன்னார். அவள் கூடையைத் தூக்கினாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"நீ இன்னாத்துக்கும்மா எறங்குற? புடிக்காதவங்க எறங்கட்டும். நீ சீட்ல குந்து!"

யாரும் இறங்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அம்மா கூச்சத்தோடு உட்கார்ந்து என்னை மடியில் இருத்திக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

திருவொற்றியூர் தாண்டியதும் என் காதருகே குனிந்து, "இங்கேர்ந்து பாத்தா கடலு தெரியுதுடீ" என்றாள்.